காப்பித் தோட்டத்து ஓடையில் தேரைக்கு இடம் விடுவது எப்படி

வயநாட்டில் வைத்திரிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் ரொபஸ்டா காப்பி இருக்கிறது. ஊடே மிளகு, கொஞ்சம் பாக்கு. நிலத்தின் மேல் எல்லை காடு. அங்கிருந்து இறங்கும் ஓடை ஒன்று எங்கள் நிலத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. இப்படி ஓடை ஓடும் நிலம் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூடலூர், குடகு, வால்பாறை என்று எங்கே இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

விஷயம் ஓடைத் தேரை. வாசலில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைப் பிடிக்கக் காத்திருக்குமே, அந்தப் பருத்த தேரை இல்லை. இது சிறியது, மெலிந்தது, கைகால் நீண்டது. காட்டோஃபிரைன் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இந்தப் பேரினம் கிடையாது. இதில் உள்ள இனங்களில் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குடகின் பிரம்மகிரி மலையிலிருந்து விவரிக்கப்பட்ட ஆர்னேட்டா. இன்னொன்று ரூபிஜைனா. இதைப் பிள்ளையும் பட்டாபிராமனும் 1981இல் சைலன்ட் வேலியிலிருந்து விவரித்தார்கள். அந்த வருடங்களில்தான் அதே பள்ளத்தாக்கில் குந்திப்புழையை மறித்து அணை கட்டலாமா கூடாதா என்று கேரளமே இரண்டுபட்டு நின்றது. 1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் தேசியப் பூங்கா ஆனது. தென்கிழக்கு ஆசியாவில் வாழும் அன்சோனியா என்ற தேரைக் கூட்டத்தில்தான் முதலில் இவற்றைச் சேர்த்திருந்தார்கள். 2009இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் அவருடன் வேலை செய்தவர்களும் இவை தனி வம்சம் என்று பிரித்துப் பெயர் வைத்தார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ரூபிஜைனா அழிவாய்ப்பு இனம்.

இதன் சொந்த வீடு பசுமைமாறாக் காட்டுக்குள் பாறை மேல் விழுந்து ஓடும் ஓடைதான். நம் தோட்டம் அந்த வீட்டின் திண்ணை மாதிரி. ஆனால் வயநாட்டில் எத்தனையோ ஓடைகள் காட்டை விட்டு இறங்கிய உடனே யாரோ ஒருவருடைய பட்டாவுக்குள் நுழைந்துவிடுகின்றன. மெலிந்த ஓடைத் தேரையை எங்கள் நிலத்தின் மேல் முனையில், பழைய மரங்களின் நிழலில் பார்த்திருக்கிறேன். அதற்கு இருநூறு அடி கீழே, வெயில் நேராக விழும் இடத்தில், ஒருநாளும் பார்த்ததில்லை. ஓடை ஒன்றே. கரைதான் வேறு.

அதனால் தேரையைக் காப்பாற்றுவது என்று ஆரம்பிக்காதீர்கள். அதைப் பிடித்து வளர்க்க முடியாது, தீனி போட முடியாது, கூடு கட்டித் தர முடியாது. நம் கையில் இருப்பது மூன்று: கல்லின் மேல்பரப்பு, தண்ணீரின் ஓட்டம், மேலே இருக்கும் நிழல். இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் மீதியைத் தேரை பார்த்துக்கொள்ளும்.

முதலில் பகலில் ஓடையைப் படியுங்கள்

தேரையைத் தேடும் ஆசையை ஒரு வருடம் தள்ளிவையுங்கள் என்பேன். அதற்கு முன்னால் ஓடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மழை நின்று தண்ணீர் தெளிந்த பிறகு, அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, காலையில் கீழிருந்து மேலே நடந்து பாருங்கள். கீழிருந்து மேலே போனால் நம் காலில் கலங்கும் சேறு பின்னால் போய்விடும், முன்னால் இருக்கும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

கல்லைப் புரட்டக் கூடாது. ஓடைக் கல்லுக்கு அடியில்தான் நண்டு, பூச்சிகளின் இளம்புழு, தலைப்பிரட்டை எல்லாம் இருக்கும். புரட்டிய கல்லை அதே கோணத்தில் யாராலும் திருப்பி வைக்க முடியாது. புரட்டுவதற்குப் பதில் தொட்டுப் பாருங்கள். வேகமாக ஓடும் இடத்தில், முழங்கால் ஆழத்துக்குள், தண்ணீருக்குள் மூழ்கிய கல் ஒன்றின் மேல் விரலை இழுங்கள். மெல்லிய பாசி வழுக்கினால் நல்லது. விரலில் பழுப்பு நிறமாகப் பிசுபிசுவென்று சேறு ஒட்டினால் மேலே எங்கோ மண் அரிக்கிறது என்று பொருள்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை? இந்தத் தேரையின் தலைப்பிரட்டை குட்டையில் நீந்தித் திரிவது இல்லை. வேகமான நீரில் பாறையோடு ஒட்டிக்கொள்ளும் வகையில் அதன் வாய் உறிஞ்சி மாதிரி அமைந்திருக்கிறது. பாறை மேல் இருக்கும் பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்றபடியே அங்கேயே கிடக்கும். கல்லின் மேல் சேறு படிந்தால் பிடிமானமும் போச்சு, சாப்பாடும் போச்சு. சாதாரணத் தேரைக்கு இந்தக் கவலை இல்லை. அது தேங்கிய தண்ணீரில் சரம் சரமாக முட்டையிடும், அதன் கறுப்புத் தலைப்பிரட்டைகள் சேற்றுக் குட்டையிலும் பிழைக்கும். அதனால்தான் ‘எங்கள் தோட்டத்தில் தேரைக்கா பஞ்சம்’ என்று சொல்பவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவர்கள் சொல்வது வேறு தேரையை.

நடக்கும்போதே ஒரு தாளில் கோட்டுப் படம் போடுங்கள். எங்கே தண்ணீர் கல் மேல் நுரைத்து விழுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே நிழல், எங்கே வெயில், யாருடைய குழாய் எங்கே இறங்கியிருக்கிறது, எங்கே துணி துவைக்கிறார்கள், எங்கே தெளிப்பான் கழுவுகிறார்கள். இந்தத் தாள்தான் பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படை. எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் பெரியவர் ஒருவர் என் படத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, ஏப்ரல்ல எந்தக் கசத்துல தண்ணி நிக்கும்னு இதுல போடலையே” என்றார். சரியான கேள்வி. கோடையில் கடைசியாக வற்றும் கசம், அதாவது ஓடையில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும் குழி எது, எந்தப் பாறை ஏப்ரலிலும் ஈரமாக இருக்கும் என்பதைத் தனி நிறத்தில் குறியுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் அந்த மண்ணில் நாற்பது வருடம் வேலை செய்தவரைக் கேளுங்கள்.

கோடைத் தண்ணீர்

என்னைக் கேட்டால் காப்பிக்காரர்கள் ஓடைக்குச் செய்யும் பெரிய கெடுதல் பிப்ரவரி, மார்ச்சில்தான் நடக்கிறது. ரொபஸ்டாவுக்குப் பூ மழை வேண்டும். அது வராவிட்டால் ஸ்பிரிங்ளர் போட்டுப் பூ எடுக்கிறோம், அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் காய் பிடிக்க இன்னொரு முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் மழைக்குச் சமமாக நனைக்க ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் ஆகும். மூன்று ஏக்கருக்கு மூன்று லட்சம். அதுவும் ஓடை ஏற்கெனவே மெலிந்து கிடக்கும் மாதத்தில், ஒரே வாரத்தில், வரிசையாக எல்லாத் தோட்டக்காரர்களும் மோட்டாரைப் போடுகிறோம்.

தண்ணீர் எடுக்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. பூ எடுக்காவிட்டால் அந்த வருட மகசூல் போய்விடும், அது எனக்கும் தெரியும். ஆனால் எப்படி எடுப்பது என்பதில் நிறைய இருக்கிறது.

முதல் வழி, மழைக்காலத் தண்ணீரைப் பிடித்துவைப்பது. பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் என்று ஒரு பண்ணைக் குட்டை வெட்டினால் ஒரு லட்சம் லிட்டர் நிற்கும். அடியில் பாலித்தீன் ஷீட் விரித்தால் கசியாது. கூரையில் விழும் மழையைக் குழாய் போட்டு இதற்குத் திருப்பிவிடுங்கள். குட்டையை ஓடையின் பாதையிலேயே வெட்டாதீர்கள், தள்ளி வெட்டுங்கள். சரிவிலும் வெட்டாதீர்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலைச் சரிவில் தண்ணீரைத் தேக்கி மண்ணை ஊறவைப்பது விளையாட்டில்லை. சமதளம் இல்லையென்றால் குட்டையே வேண்டாம், தரைக்கு மேலே தொட்டி கட்டுங்கள். எந்த இடம் சரி என்பதை மண் பாதுகாப்புத் துறை ஆட்களிடம் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது வழி, ஓடையிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக எடுப்பது. ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரை நேராக ஓடையில் இறக்கி ஒரே நாளில் உறிஞ்சுவதைவிட, சின்னக் குழாயில் தானாக வழியவிட்டுத் தொட்டியைச் சில நாட்களில் நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து ஸ்பிரிங்ளருக்குக் கொடுங்கள். இதற்கு ஜனவரியிலேயே ஆரம்பிக்க வேண்டும். குழாயின் உறிஞ்சும் முனையில் இருக்கும் ஃபுட் வால்வுக்கு மேல் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி, அதைச் சுற்றி ஓட்டை போட்ட வாளி ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். தலைப்பிரட்டையும் குஞ்சு மீனும் உறிஞ்சப்படாது, வால்வும் அடைக்காது.

எவ்வளவு எடுக்கலாம்? மீட்டர் எல்லாம் வேண்டாம். உங்கள் பகுதியில் தண்ணீர் கல் மேல் மெல்லிய படலமாக வழியும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மோட்டார் போடும்போது யாராவது அங்கே நிற்கட்டும். படலம் அறுந்து, கல்லின் மேல் முனை காய ஆரம்பித்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும். கசத்தில் இடுப்பளவு தண்ணீர் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். கசம் நிறைந்திருக்கும்போதே அதற்குக் கீழே இருக்கும் பாறை காய்ந்துவிடும், இந்தத் தலைப்பிரட்டைக்கு வேண்டியது அந்தப் பாறைதான்.

மணல் மூட்டை அடுக்கித் தற்காலிகத் தடுப்பணை கட்டுவது எங்கள் பக்கம் வழக்கம். தண்ணீர் சேமிக்கிறோம் என்ற நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் தடுப்புக்குப் பின்னால் ஓட்டம் நின்று சேறு படியும், தண்ணீர் சூடாகும். கட்டத்தான் வேண்டுமென்றால் காட்டை ஒட்டிய பாறைப் பகுதியை விட்டுவிட்டு, ஏற்கெனவே மண் தரையாக இருக்கும் கீழ்ப் பகுதியில் கட்டுங்கள். மூட்டையின் நடுவே எப்போதும் தண்ணீர் வழிய ஒரு குழாய் வையுங்கள். முதல் மழைக்கு முன்னால் மூட்டைகளை எடுத்துவிடுங்கள். நைந்த பிளாஸ்டிக் சாக்கு ஓடையில் கிழிந்து போவதைப் பார்க்கச் சகிக்காது. தேங்கிய தண்ணீரில் கொசு வருகிறது என்று கொசுப்புழு தின்னும் கப்பி, கம்பூசியா மீன்களைக் கொண்டுவந்து விடுவார்கள். அதைக் கண்டிப்பாகத் தடுங்கள். கம்பூசியா தலைப்பிரட்டைகளைக் கடித்துத் தின்னும். ஒருமுறை ஓடையில் நுழைந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியே இல்லை.

மருந்து

மிளகுக்கும் பாக்குக்கும் பூஞ்சை நோய் வராமல் போர்டோ கலவை அடிக்காத தோட்டம் இங்கே இல்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. மிளகில் வாட்ட நோயும் பாக்கில் மாகாளியும் வந்தால் எவ்வளவு நஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். அதனால் நிறுத்து என்று சொல்லவில்லை. ஆனால் மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. தண்ணீரில் கரைந்த செம்பு தலைப்பிரட்டைக்கு நஞ்சு. மழைக்கு முன்னால் நாம் அடிக்கும் மே, ஜூன் மாதத்தில் ஓடை இன்னும் மெலிந்தே இருக்கும், கழுவி வருவது அப்படியே கெட்டியாகப் போய்ச் சேரும்.

கலவையைச் சரியாகக் கலந்தாலே பாதிப் பிரச்சினை குறையும். கலந்த பிறகு துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய சாதாரண இரும்புக் கத்தியை (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லை) ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, கரைந்த செம்பு மிச்சம் இருக்கிறது. இன்னும் சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கலக்கி மறுபடி பாருங்கள். இலைக்கும் இதுதான் நல்லது, இல்லாவிட்டால் கருகும். அடித்த பிறகு இலையில் காய்ந்து ஒட்ட நேரம் வேண்டும். மேகம் கட்டியிருக்கும் மத்தியானத்தில் அடிப்பது மருந்தை ஓடைக்கு அடிப்பதற்குச் சமம், காசும் வீண்.

ஓடையின் இரு கரையிலும் இரண்டு வரிசைக் காப்பிக்கு மருந்தே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொபஸ்டாவுக்குப் பத்தடி இடைவெளி விட்டிருப்போம், ஆக இருபது அடி. அதிகம் விட முடிந்தால் இன்னும் நல்லது. அந்த வரிசையில் இருக்கும் மிளகுக் கொடிக்குத் தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுத்து, தாங்கு மரத்தின் கிளையைக் கழித்து வெளிச்சம் விட்டு, நோய்ப் பூஞ்சையை அடக்கும் ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை கலந்த தொழு உரம் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கொடிகள் போகலாம், நான் அதைக் கணக்கில் எழுதிக் கழித்துவிடுகிறேன்.

களைக்கொல்லி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேரளத்தில் 2019இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். சில கிளைபோசேட் மருந்துகளில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருளே தலைப்பிரட்டைகளுக்கு மிக மோசம். ஓடைப் பக்கம் புல்வெட்டும் மெஷின் போதும்.

கடைசியாக, கழுவுவது. ஸ்ப்ரேயரை ஓடையில் கழுவும் ஒரே ஒரு வேலையில், இருபது அடி விட்டுவைத்த பலன் எல்லாம் போய்விடும். ஒரு டிரம் தண்ணீரைத் தோட்டத்துக்குள்ளேயே வையுங்கள். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை அதே செடிகளுக்குத் தெளித்துவிடுங்கள். வேலைக்கு வருபவர்களிடம் ‘அங்கே கழுவாதே’ என்று சொன்னால் போதாது. கழுவ வேறு இடம் இல்லையென்றால் அவர்கள் ஓடைக்குத்தான் போவார்கள். டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைப்பது நம் வேலை.

நிழலும் மண்ணும்

வெயில் பட்ட தண்ணீரில் பிராணவாயு குறையும். கடல்மட்டக் கணக்கில் 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். குளிர்ந்து நுரைத்து ஓடும் நீருக்குப் பழகிய உயிருக்கு இது பெரிய வித்தியாசம். அதோடு, இந்தத் தேரைகள் மெல்லிய ஈரத்தோலோடு கரையோரப் பாறையிலும் வேர் இடுக்கிலும் இருப்பவை, காற்றில் ஈரம் குறைந்தால் அவற்றுக்கு இருப்பே கஷ்டம்.

புதிதாக நடுவதைவிட இருப்பதை வெட்டாமல் இருப்பது முக்கியம். கரையில் நாவல், அத்தி, தாழை, ஈத்தை இருந்தால் கை வைக்காதீர்கள். விழுந்த மரம் ஓடையின் குறுக்கே கிடந்தால், வீட்டுக்கோ பாலத்துக்கோ ஆபத்து இல்லாதவரை கிடக்கட்டும். நட வேண்டுமென்றால் மேலே காட்டோரத்தில் ஓடைக் கரையில் என்ன நிற்கிறதோ அதன் விதையையே எடுத்து நாற்று விடுங்கள். சில்வர் ஓக் சீக்கிரம் வளரும், மிளகு ஏற்றலாம் என்று எல்லோரும் வைப்போம். ஆனால் அதன் நிழல் சன்னமானது, ஓடைக்குப் போதாது. மஞ்சக்கொன்றை முளைத்தால் சின்னதிலேயே வேரோடு பிடுங்குங்கள். வெட்டிவிட்டால் பத்துக் கிளையாக வரும், வயநாட்டுக் காட்டை அது என்ன செய்திருக்கிறது என்று முத்தங்கா வழியாகப் போகும் எவரும் பார்க்கலாம். உண்ணிச்செடியை மட்டும் ஒரே நாளில் மொத்தமாகச் சுரண்டாதீர்கள். கரை மொட்டையாகி அடுத்த மழையில் மண் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தில் நட்டுக்கொண்டே போகலாம்.

மண் இறங்குவதற்கு இங்கே முதல் காரணம் இஞ்சி. சரிவை முழுக்கக் கொத்திப் பாத்தி போட்டால் ஜூன் மழையில் ஓடை டீ நிறத்தில் ஓடும். இஞ்சி போடுவதாக இருந்தால் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், இலைதழை மூடாக்கு கனமாகப் போடுங்கள், ஓடைக்கும் பாத்திக்கும் நடுவில் புல் வளர்ந்த பட்டை ஒன்றைத் தொடாமல் விடுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், வாய்ப் பேச்சு மழை வரைதான் நிற்கும். தோட்டச் சாலையிலிருந்து வரும் மழைத் தண்ணீர் நேராக ஓடையில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் சாலையோரம் பள்ளம் எடுத்து அங்கங்கே காப்பிக்குள் திருப்பிவிடலாம்.

தேரையைப் பார்க்கப் போகும்போது

சரி, இப்போது பார்க்கப் போகலாம். உங்கள் நிலத்துக்குள் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ரிசர்வ் காடோ சரணாலயமோ என்றால் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ராத்திரியில் என்றால் சட்டத்தைவிட யானையைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். அந்த வாரம் யானை இறங்கிய தடம் இருந்தால் போகவே வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். கரையோர இலைகளில் கையை வைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், குழிவிரியன் ஓடையோரச் செடியில்தான் சுருண்டு கிடக்கும். மழை நாளில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மொத்தமாக வந்தாலோ, மேலே பெருமழை என்று புரிந்துகொண்டு உடனே கரையேறிவிடுங்கள்.

போவதற்கு முன் பூட்ஸைக் கழுவுங்கள். உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருப்பதாக 2011இல் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. ஓர் ஓடையின் ஈரத்தை இன்னொரு ஓடைக்கு எடுத்துச் செல்லாமல் இருப்பதுதான் நாம் செய்யக்கூடியது. சேற்றைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து அலசி, வெயிலில் எலும்பு காய்வது போலக் காயவிட வேண்டும். இதையெல்லாம் ஓடைக்குத் தள்ளிச் செய்யுங்கள். அந்தப் பூஞ்சைக்கு முழுசாகக் காய்வது ஆகாது. வேறு ஊரிலிருந்து படம் எடுக்க வரும் விருந்தாளிகளின் பூட்ஸும் இதில் அடக்கம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கரையில் நடங்கள், தண்ணீருக்குள் இறங்காதீர்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். பாறை முகம், வேர், தாழ்ந்த இலை. நிறையத் தவளைகள் கண்ணில் படும், எல்லாம் நாம் தேடுவது இல்லை. கண்மணி சாய்சதுரமாக இருந்தால் அது நிக்டிபட்ராகஸ் என்ற இரவுத் தவளை. பகலில் அருவிப் பாறையில் உட்கார்ந்து பின்காலை நீட்டி நீட்டி ஆட்டினால் நடனத் தவளை. கண்ணுக்குப் பின்னால் பருத்த சுரப்பி மேடும் தலையில் கறுத்த விளிம்புகளும் இருந்தால் சாதாரணத் தேரை. அந்த மேடு இல்லாமல், சொரசொரப்பான தோலோடு, ஒல்லியாக, விரல் நுனி லேசாகப் பருத்து இருந்தால் ஓடைத் தேரையாக இருக்கலாம். ஆர்னேட்டாவின் அடிவயிறு கறுப்பில் மஞ்சள் திட்டாக இருக்கும், ஆனால் அதைப் பார்க்கப் புரட்ட வேண்டாம். கையில் எடுக்கவே வேண்டாம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கால்விரல் தெரிய ஒன்று, இடத்தைக் காட்டும் அகலப் படம் ஒன்று. இதோடு நகர்ந்துவிடுங்கள். நல்ல படத்துக்காகக் கிளையை ஒடிப்பதும் கல்லை நகர்த்துவதும் தேரையைப் பிடித்து அழகான பாசி மேல் உட்காரவைப்பதும் நான் வெறுக்கும் காரியங்கள்.

எழுதும்போது பெயரை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ‘ஓடைத் தேரை, இனம் உறுதியில்லை’ என்று எழுதிய குறிப்புக்குத்தான் மதிப்பு. தேதி, நேரம், மழை பெய்ததா, எந்தப் பாறை, தண்ணீர் எந்த அளவு. ஒரே ஐம்பது மீட்டர் நீளத்தை ஒரே நேர அளவில் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஒன்றும் தெரியாத இரவையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான். ஐநேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலில் படம் போட்டால் தெரிந்தவர்கள் இனம் சொல்வார்கள். போடும்போது துல்லியமான இடத்தை மறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மேப் இணைப்போடு போட்டால் அடுத்த சனிக்கிழமை கேமராவோடு பத்துப் பேர் வந்து நிற்பார்கள்.

பஞ்சாயத்தில் பதிவு

தனியாள் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும், ஒருநாள் யாரோ ஜேசிபியோடு வந்து ‘ஓடையைச் சுத்தம் செய்கிறோம்’ என்று கரையை மொட்டையடித்துப் பாறைகளை வாரிவிட முடியும். பக்கத்து நிலத்தில் ஓர் ஒப்பந்தக்காரர் இதைச் செய்து முடித்தபோது கேட்க யாரிடமும் ஒரு தாள்கூட இல்லை. அதனால் எழுத்தில் வேண்டும்.

2002 உயிரினப் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் உயிரினப் பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரித்து வைத்திருப்பது அந்தக் குழுவின் பொறுப்பு. அந்தப் பதிவேட்டில் உங்கள் ஓடை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் முதலில் வரைந்த அந்தக் கோட்டுப் படம், ஏப்ரலில் வற்றாத கசங்களின் குறிப்பு, வருடவாரியான படங்கள், பார்த்த தேதிகள் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு மனுவோடு கொடுங்கள். மலையாளத்தில் எழுதத் தெரிந்தவரை வைத்து எழுதிக்கொள்வது நல்லது, எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு தடங்கல்தான். மனுவில் ‘அரிய தேரை’ என்று மட்டும் எழுதினால் சிரித்துவிட்டு ஓரமாக வைப்பார்கள். கீழே எத்தனை வீடுகள் இந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கின்றன என்பதை முதல் பத்தியிலும், தேரையை இரண்டாவது பத்தியிலும் எழுதுங்கள். கிராம சபைக்குப் போகும்போது அந்த வீடுகளிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்கிய மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஜேசிபி வரும் நாளில் கையில் காட்ட அது வேண்டும்.